காது கேளாத குழந்தையும் கைபேசியும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

ஊராட்சி ஒன்றியத்தின் பணி என்றதும் சாலை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, பள்ளிக் கட்டடம் ஆகியவையே எவருக்கும் முதலில் நினைவுக்கு வரும். இவை கண்ணுக்குப் புலனாகுபவை; அளந்து பார்த்து, கணக்கெழுதி, பணம் வழங்கக் கூடியவை. ஆயின் அளவுப் புத்தகத்தில் ஏறாத பணிகளும் கிராமத்தில் பல உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன். காது கேளாத குழந்தைகள் வீட்டிலும் பள்ளியிலும் கைபேசி வாயிலாக இணையத்தைப் பயன்படுத்துகையில் அவர்களுக்கு நேரக்கூடிய தீங்குகள் எவை, அவற்றினின்றும் அவர்களைக் காப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் செவித்திறன் குறையுடையோர் சுமார் 50 இலட்சம் பேர். எண்ணிக்கை பெரிதாகத் தோன்றினும், கிராமங்களில் இவர்கள் ஊருக்கு ஒருவர், இருவர் எனச் சிதறி வாழ்கின்றனர். பக்கத்து வீட்டிலோ அடுத்த தெருவிலோ தம்மைப் போன்ற இன்னொரு குழந்தையைக் காணாமலே வளர்பவர்கள் பலர். காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். அப்பெற்றோர் சைகை மொழியை அதற்கு முன் கண்டவரும் அல்லர், கற்றவரும் அல்லர். இவ்விரண்டு உண்மைகளையும் மனத்தில் இருத்திக்கொண்டால்தான் கைபேசி இக்குழந்தைகளின் வாழ்வில் பெற்றுள்ள இடம் நன்கு விளங்கும்.

கைபேசி இவர்களுக்கு எதற்கு?

"காதே கேட்காத பிள்ளைக்குக் கைபேசி எதற்கு?" என்று கேட்பவர்கள் இன்றும் உளர். கைபேசி என்பது காதில் வைத்துப் பேசும் கருவி என்ற பழைய எண்ணத்தினின்று எழும் கேள்வி இது. 2016ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஜியோ நிறுவனம் தன் சேவையைத் தொடங்கியதும் இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசும் காணொளி அழைப்பு வசதி வந்து சேர்ந்தது. காது கேட்பவர்களுக்கு இவை இரண்டும் ஒரு வசதி, அவ்வளவே. காது கேளாதவர்களுக்கோ, தொலைவில் உள்ள ஒருவரோடு தம் சொந்த மொழியில் உரையாடும் வாய்ப்பு அன்றுதான் கிராமத்து வீடுவரை வந்தது. விடுதிப் பள்ளியில் உடன் பயின்ற தோழியோடு கோடை விடுமுறையிலும் பேசலாம். வேறு மாவட்டத்தில் தையற்கூடத்தில் வேலை செய்யும் காது கேளாத அக்காளைப் பார்த்து, தானும் அவ்வாறு பொருளீட்டலாம் எனத் துணிவு கொள்ளலாம். ஊரில் தன் மொழி பேசுவார் ஒருவருமில்லாத குழந்தைக்கு இது எத்தகைய பேறு என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆதலின், தீங்கு வரும் என அஞ்சிக் கைபேசியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டி வைப்பது எனக்கு உடன்பாடன்று. காது கேட்கும் பிள்ளைக்குக் கைபேசியைத் தடுத்தால் அவன் தெருவில் இறங்கி நான்கு பேரோடு பேசுவான். காது கேளாத பிள்ளைக்கு அதைத் தடுத்தால் பேச்சே நின்றுவிடுகிறது. மேலும், தீங்கைச் சொன்னால் கைபேசி போய்விடும் எனத் தெரிந்த குழந்தை, தீங்கு நேர்ந்த அன்று வாய் திறவாது. மிரட்டுபவனும் இதைத்தான் எதிர்பார்க்கிறான்.

வீட்டுக் காவல் தவறும் இடம்

நம் வீடுகளில் தாய்மார் பிள்ளைகளைக் கண்காணிப்பது பெரும்பாலும் காதால்தான். அடுப்படியில் வேலை செய்துகொண்டே, கூடத்தில் பிள்ளை எதைப் பார்க்கிறான், யாரோடு பேசுகிறான் என்பதை ஒலியைக் கொண்டு அறிந்துகொள்வர். முறைகேடான பேச்சு எழுந்தால் அங்கிருந்தே அதட்டுவர். காது கேளாத குழந்தையின் கைபேசியிலிருந்து ஒலி எழுவதில்லை. அதனால் வீட்டின் இந்தக் காவல் அங்கே முற்றிலும் பயனற்றுப் போகிறது. "எங்கள் பிள்ளை சத்தமே இல்லாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும், ஒரு தொல்லையும் இல்லை" என்று பெருமையோடு கூறும் பெற்றோரைக் கண்டிருக்கிறேன். அந்த அமைதியே கவனத்துக்குரியது. இக்குழந்தைகளைக் கண்ணால்தான் காக்க வேண்டும். எனவே கைபேசியைத் திண்ணையிலோ கூடத்திலோ, பெரியவர் ஒருவரின் பார்வை படும் இடத்தில் பயன்படுத்தும் வழக்கத்தைச் சிறு வயதிலேயே ஏற்படுத்துதல் நன்று.

அதற்காகப் பின்னாலிருந்து ஓசைப்படாமல் வந்து எட்டிப் பார்ப்பதும், திடீரெனக் கைபேசியைப் பறிப்பதும் கூடாது. நாம் நடந்து வரும் அரவம் அக்குழந்தைக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் அது திடுக்கிட்டு அஞ்சும். எதிரே வந்து கையசைத்தோ, தோளை மெல்லத் தொட்டோ, விளக்கை ஒரு முறை அணைத்து ஏற்றியோ வருகையை அறிவித்த பின்னரே "என்ன பார்க்கிறாய்?" எனக் கேட்க வேண்டும். இது மரியாதை, நம்பிக்கையும் இதனால்தான் வளரும்.

அடுத்தது, கேமராவைப் பற்றியது. இணையப் பாதுகாப்பு குறித்துப் பள்ளிகளில் நடக்கும் கூட்டங்களில் "முகம் தெரியாதவரிடம் முகத்தைக் காட்டாதே, கேமராவைத் திறக்காதே" என்று அறிவுரை கூறுகின்றனர். காது கேட்கும் குழந்தைக்கு இது தக்க அறிவுரை. காது கேளாத குழந்தைக்கோ கேமராவே வாய். சைகை மொழியில் கையின் அசைவோடு முகக் குறிப்பும் புருவமும் உடலின் சாய்வும் சேர்ந்தே பொருள் தருகின்றன. முகத்தை மறைத்தால் வாக்கியம் பாதியாகிவிடும். கேமராவைத் திறக்காதே என்பது அக்குழந்தைக்குப் பேசாதே என்பதற்கு ஒப்பாகும். பேசாமல் இருக்க எந்தக் குழந்தையாலும் இயலாது. ஆகவே அவ்வறிவுரை ஒருநாளும் பின்பற்றப்படமாட்டாது.

அதற்கு மாறாக, எவ்வாறு அமர்ந்து பேச வேண்டும் என்பதைக் கற்பிக்கலாம். சைகைக்குத் தேவையானது தலை முதல் இடுப்பு வரையுள்ள பகுதி மட்டுமே. பின்னால் வெறுஞ்சுவர் இருக்குமாறு அமர்தல் வேண்டும். கதவெண், பள்ளிச் சீருடையின் சின்னம், குடும்ப அட்டை, உடை மாற்றும் தங்கை ஆகிய எதுவும் படத்தில் விழலாகாது. குளியலறைக்கும் படுக்கைக்கும் கைபேசி செல்லலாகாது. கேமராவை இடுப்புக்குக் கீழே இறக்கச் சொல்பவர், உடையை விலக்கச் சொல்பவர், "கதவைச் சாத்திவிட்டு வா" என்பவர் ஆகியோர் எவராயினும் அழைப்பை உடனே துண்டித்துவிட வேண்டும். இவ்வளவையும் ஓர் ஆசிரியை அரை மணி நேரத்தில் நடித்தே காட்டிவிடலாம்.

சைகை தெரிந்த அந்நியர்

ஊரிலும் வீட்டிலும் மொழியற்றுத் தனித்திருக்கும் குழந்தை, சைகை அறிந்த ஒருவரைக் கண்டதும் அவரை உறவினராகவே கொள்கிறது. வெளிநாட்டில் வாழும் தமிழர், தமிழ் பேசும் ஒருவரை எதிர்பாராது சந்தித்தால் எத்தகைய மகிழ்ச்சி கொள்வரோ, அதனினும் பன்மடங்கு மகிழ்ச்சி இது. தீய எண்ணம் கொண்டவனும் இதை அறிவான். நன்றாகச் சைகை செய்வது ஒன்றே அவனுக்குப் போதிய அறிமுகச் சீட்டாகிவிடுகிறது. காது கேளாதோர் சமூகம் சிறியது. வாட்ஸ்அப் குழுக்கள் வாயிலாக ஒருவரை ஒருவர் அறிந்தது. ஆதலின் "உன் படத்தை எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிவிடுவேன்" என்ற மிரட்டல், மற்றக் குழந்தைகளைக் காட்டிலும் இக்குழந்தையை மிகுதியாக வாட்டுகிறது. அதன் உலகம் முழுவதும் அக்குழுக்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது அன்றோ!

எழுத்து வழியாக வரும் ஏமாற்றும் உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்த குழந்தைக்கு எழுத்தில் உள்ளது விளங்கிவிடும் என்று நாம் கருதுகிறோம். செவி வழியே ஒரு நாளும் கேளாத மொழியை எழுத்தால் மட்டும் கற்பது எளிதன்று. பேசுபவரின் உதட்டசைவைக் கண்டு புரிந்துகொள்வதற்கும் எல்லை உண்டு. "படம்" என்பதும் "மடம்" என்பதும், "பணம்" என்பதும் "மணம்" என்பதும் உதட்டில் ஒன்று போலவே தோன்றும். கண்ணாடியின் முன் நின்று சொல்லிப் பார்ப்பவர் இதை உணர்வர். இந்நிலையில், ஆங்கிலமும் தமிழும் கலந்து "உங்கள் உதவித்தொகை நிறுத்தப்படும், கீழுள்ள இணைப்பைத் தொடவும்" என வரும் குறுஞ்செய்தியில் உள்ள சூதை அக்குழந்தை எவ்வாறு அறியும்? தந்தையின் கைபேசிக்கு வரும் ஒரு முறைக் கடவுச்சொல்லை யாருக்கேனும் காட்டிவிட்டால் வங்கிக் கணக்கு காலியாகும். அத்தகைய பண மோசடிக்கு 1930 என்ற எண்ணில் உடனே முறையிட வேண்டும் என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன் என் பணியிடத்தில் நிகழ்ந்த ஒன்றை, ஊரும் பேரும் பிற அடையாளங்களும் தவிர்த்துக் கூறுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் பயின்ற காது கேளாத சிறுமி ஒருத்தி திடீரென உணவைக் குறைத்தாள். பள்ளிக்குச் செல்ல மறுத்தாள். இரவில் விழித்தே கிடந்தாள். தாய் அவள்மீது உயிரையே வைத்திருந்தவர். ஆயினும் அவருக்குத் தெரிந்த சைகைகள் சாப்பிடு, தூங்கு, வா, பள்ளி, காசு, அடிப்பேன் என்பன போன்று இருபதுக்குள் அடங்கும். மகள் வயிற்றைத் தொட்டு, கைபேசியைக் காட்டி, அழுதிருக்கிறாள். தாய் அதை வயிற்று வலி எனக் கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். மாத்திரை கொடுத்தார்கள். பின்னர் யாரோ சொல்லக் கேட்டு வேப்பிலையும் அடித்தார்கள். மூன்று வாரங்கள் இவ்வாறு கழிந்தன. வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியை அச்சிறுமியைத் தனியே அழைத்து எதிரில் அமர்த்திப் பேசிய கால்மணி நேரத்தில் உண்மை முழுவதும் வெளிவந்தது. வேறொரு காது கேளாதோர் பள்ளியின் மாணவன் எனக் கூறிக்கொண்டு காணொளி அழைப்பில் பழகிய ஒருவன், ஒரு படத்தைப் பெற்றுவிட்டு மேலும் படங்கள் கேட்டு மிரட்டி வந்தான்.

இதில் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருத்துவர் பலரும் "பேசவைக்கப் பாருங்கள், சைகை பழகினால் பேச்சு வராது" என்று அவரிடம் முன்பு கூறியிருக்கிறார்கள். ஆயினும் மூன்று வாரம் அக்குழந்தை பட்ட வேதனைக்குக் காரணம் கைபேசி மட்டுமன்று. தனக்கு நேர்ந்ததைக் கூற வீட்டில் ஒரு மொழி இல்லை என்பதே பெருங்காரணம். கைபேசியில் எத்தனைப் பூட்டுகளை அமைத்தாலும் இக்குறை தீராது.

காவல் நிலையத்தில் முதலில், "அண்ணன் இருக்கிறானே, அவனைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்" என்றனர். தங்கை இத்தகைய செய்தியை அண்ணன் முன்னிலையில் கூறுவாளா என்பதை அவர்கள் எண்ணவில்லை. சிறப்பாசிரியை சட்டத்தை எடுத்துக்காட்டிய பின்னரே முறைப்படி வாக்குமூலம் பதிவாயிற்று.

சட்டம் கூறுவது

அச்சட்டத்தைக் கிராமத்தில் உள்ளவர்களும் ஓரளவு தெரிந்துகொள்ளல் வேண்டும். 2012ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ சட்டம், 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. பாலியல் நோக்கத்தோடு மின்னணு வழியில் குழந்தையை இடைவிடாது தொடர்புகொள்வதும், அதன் உடலைக் காட்டும் படத்தை வெளியிடுவதாக மிரட்டுவதும் 11ஆம் பிரிவின்படி குற்றங்கள். அப்படம் உண்மையானதாயினும், பொய்யாகப் புனைந்ததாயினும் குற்றமே என்று அப்பிரிவு தெளிவாகக் கூறுகிறது. கணினியின் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒரு குழந்தையின் முகத்தை வேறோர் உடலில் பொருத்தும் இந்நாளில் இது முக்கியமானது. குழந்தையின் உடற்குறையைத் தனக்கு வாய்ப்பாகக் கொண்டு ஒருவன் பாலியல் வன்செயலில் ஈடுபட்டால், அது கடுந்தண்டனைக்குரிய குற்ற வகையுள் சேரும்.

குற்றம் நிகழ்ந்தது என அறிந்தவர் எவராயினும் அதைக் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது 19ஆம் பிரிவு. "பள்ளியின் பெயர் கெட்டுவிடும்" என்று தலைமையாசிரியரோ விடுதிக் காப்பாளரோ மறைத்தால் அவர்களே 21ஆம் பிரிவின் கீழ்த் தண்டனைக்கு உள்ளாவர். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலேயோ அது விரும்பும் இடத்திலேயோ பதிவு செய்யலாம். பதிவு செய்யும் காவலர் சீருடையில் இருத்தலாகாது. இயன்றவரை பெண் அலுவலராக, உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவராக இருத்தல் வேண்டும். உடற்குறையுடைய குழந்தையாயின், அதன் பேச்சு முறையை அறிந்த ஒருவரின் அல்லது சிறப்பாசிரியரின் உதவியை நாடலாம் என்றும், இயன்ற இடங்களில் வாக்குமூலத்தை ஒலி, ஒளி வடிவிலும் பதிய வேண்டும் என்றும் 26ஆம் பிரிவு வழி செய்கிறது. சைகையில் தந்த வாக்குமூலத்துக்கு ஒளிப்பதிவு மிக இன்றியமையாதது. எழுதி வைத்தது மொழிபெயர்த்தவரின் சொல். ஒளிப்பதிவில் இருப்பதுதான் குழந்தையின் சொல். பெற்றோர் இதைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

இன்னும் ஒன்று. மிரட்டலுக்கு ஆளான குழந்தையின் படத்தைக் கண்டதும் கலங்கிப் போய், "இதைப் பாருங்கள்" என்று தாய்மாமனுக்கும், ஆசிரியருக்கும், ஊர்ப் பெரியவருக்கும் அனுப்புகிறவர்கள் உண்டு. நல்லெண்ணத்தால் செய்வதாயினும் அது பெருந்தவறு. குழந்தையின் ஆபாசப் படத்தைப் பரப்புவது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஆ பிரிவின்படியும் குற்றம். முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறையும் 10 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அத்தகைய படத்தை வைத்திருப்பது குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் எழுந்த வழக்கொன்றில், 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் உச்ச நீதிமன்றம் மிகக் கண்டிப்பான தீர்ப்பை வழங்கியுள்ளது. ஆகவே செய்தியையும் படத்தையும் அழிக்காமல், எவருக்கும் அனுப்பாமல், அக்கைபேசியை அப்படியே காவலரிடம் ஒப்படைப்பதே முறை. மிரட்டியவனின் எண்ணையும் அவன் பெயர் தோன்றும் பக்கத்தையும் மட்டும் தாளில் குறித்து வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை பார்த்ததும் மறைந்துபோகும்படி அனுப்பும் வசதி 2021 முதல் வாட்ஸ்அப்பில் உண்டு என்பதால், காலம் தாழ்த்தினால் சான்று போய்விடும்.

முகநூல், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் அப்படம் பரவாமல் தடுக்க "டேக் இட் டவுன்" என்னும் இலவச ஏற்பாடு 2023 முதல் நடைபெற்று வருகிறது. இதில் படத்தை எவருக்கும் அனுப்பத் தேவையில்லை. கைரேகையைப் போல அப்படத்துக்கே உரிய ஓர் எண் வரிசை நம் கருவியிலேயே கணிக்கப்பட்டு, அவ்வெண் மட்டும் செல்கிறது. அதைக் கொண்டு அந்நிறுவனங்கள் தம்மிடம் அப்படம் வந்தால் கண்டு நீக்குகின்றன.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதைப் பள்ளிச் சுவர்களில் எழுதியிருக்கிறோம். அது பேசுவதற்கான எண். காது கேளாத குழந்தை அதை அழைத்து என்ன செய்யும்? எனவே ஒவ்வொரு குழந்தைக்கும் சைகை அறிந்த பெரியவர் மூவரை முன்கூட்டியே குறித்து, அவர்களுடைய எண்களை முகப்படத்தோடு கைபேசியின் முதல் பக்கத்தில் பதிந்து வைத்தல் வேண்டும். மூவரில் ஒருவரேனும் குடும்பத்துக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும். தீங்கு சில வேளைகளில் குடும்பத்துக்குள்ளிருந்தே வருவதும் உண்டு. குழந்தை அவரைக் காணொளியில் அழைக்க, அவர் 1098ஐ அழைப்பார். எழுத்து மூலம் முறையிட விரும்புவோர் மத்திய அரசின் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பெயர் கூறாமலும் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பதியலாம்.

கற்பிக்க வேண்டிய சொற்கள்

வீட்டார் முழுச் சைகை மொழியையும் ஒரே மாதத்தில் கற்றுவிட முடியாது. முயன்றால் சில நூறு சொற்களைக் கற்கலாம். அவற்றுள் முதலில் சேர வேண்டியவை சில உள. உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும், கூச்சப்படும் உறுப்புகள் உட்பட, ஒரு சைகை இருக்க வேண்டும். யார், எப்போது, எங்கே என்ற வினாக்கள் வேண்டும். பயம், வெட்கம், பொய், மிரட்டல், வேண்டாம், நிறுத்து, தெரியாதவர், படம் அனுப்பு ஆகியவை வேண்டும். "இரகசியம்" என்ற சொல்லைச் சற்று நின்று விளக்க வேண்டும். தம்பியின் பிறந்தநாளுக்குச் சட்டை வாங்கி ஒளித்து வைப்பதும் இரகசியம். "அம்மாவிடம் சொல்லாதே" என்று ஒருவர் கூறுவதும் இரகசியம். முன்னது சில நாளில் வெளியாகி எல்லோரும் மகிழ்வது. பின்னது வயிற்றைப் பிசைவது. இவ்வேறுபாட்டைப் புரிந்துகொண்ட குழந்தை பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும்.

"நண்பர்" என்ற சொல்லும் அத்தகையதே. திரையில் மட்டும் கண்டவருக்கும், நேரில் பழகியவருக்கும் ஒரே சைகையைச் செய்யும் பிள்ளைகளுக்கு வேறுபாட்டை உணர்த்த ஆசிரியை ஒருவர் கையாண்ட முறை எனக்குப் பிடித்திருந்தது. புதிய எண் ஒன்றில் திரைப்பட நடிகர் ஒருவரின் படத்தை வைத்து, அடுத்த அறையிலிருந்து வகுப்புக் கைபேசிக்குச் செய்தி அனுப்பினார். பிள்ளைகள் நடிகரே பேசுவதாக எண்ணிக் குதித்தனர். சற்று நேரத்தில் கதவைத் திறந்தால், கையில் கைபேசியோடு நிற்பவர் சத்துணவு அமைப்பாளர்! அன்று முதல் அவ்வகுப்பில் புதியவர் எவரேனும் செய்தி அனுப்பினால், "சத்துணவு அக்காவோ?" என்று பிள்ளைகள் சைகை செய்து கேலி பேசிக்கொள்கின்றனர்.

சைகைகளைக் கற்க வழிகள் முன்னைவிடப் பெருகியுள்ளன. புதுதில்லியில் 2015இல் நிறுவப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், 2018இல் 3,000 சொற்களோடு ஒளிப்பட அகராதியை வெளியிட்டது. 2021இல் அது 10,000 சொற்களாக விரிந்தது. அச்சொற்களைக் கைபேசியில் காண்பதற்குச் செயலியும் உண்டு. பாடநூல்களைச் சைகை மொழியில் ஆக்குவதற்கு அம்மையமும் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவும் 2020இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2024 டிசம்பரில் பிரதம மந்திரி இ-வித்யா திட்டத்தின் கீழ்ச் சைகை மொழிக்கெனத் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்றும் தொடங்கப்பட்டது. ஆயினும் அகராதியில் உள்ள சைகையும் நம் மாவட்டத்துக் குழந்தைகள் இயல்பாகச் செய்யும் சைகையும் எல்லா இடத்திலும் ஒன்றாக இரா. அவ்வாறு வேறுபட்டால் குழந்தையின் சைகையையே முதலில் ஏற்றுக்கொள்ளுதல் நன்று.

கைபேசியில் செய்ய வேண்டிய சில்லறை ஏற்பாடுகளும் உண்டு. அறிந்தவர் மட்டுமே குழுவில் சேர்க்கும்படியும், அறிந்தவர் மட்டுமே முகப்படத்தைக் காணும்படியும் வாட்ஸ்அப்பில் மாற்றி அமைக்கலாம். 13 வயது நிறையாத குழந்தைக்கு அதில் கணக்கு வைக்க விதியே இடம் தரவில்லை. சிறு குழந்தையின் கைபேசியில் எந்தச் செயலியைச் சேர்ப்பதாயினும் பெற்றோர் இசைவு வேண்டும்படி செய்ய, கூகுளின் "ஃபேமிலி லிங்க்" உதவும். இவை யாவும் துணை செய்பவையே. தீய சொற்களை எழுத்தில் தேடித் தடுக்கும் வடிகட்டிகள், கையசைவில் வரும் தீய சொல்லைக் காணமாட்டா.

பள்ளியில்

இணையக் குற்ற விழிப்புணர்வுக் கூட்டம் பள்ளிகளில் நடக்கும்போது காது கேளாத பிள்ளைகள் பின்வரிசையில் அமர்ந்திருப்பர். மற்றவர் கைதட்டும்போது அவர்களும் கைதட்டுவர். வருகைப் பதிவேட்டில் பயன் பெற்றோர் எண்ணிக்கையில் அவர்களும் சேர்ந்துவிடுவர்! சைகையில் எடுத்துரைப்பவர் ஒருவரை அழைத்து வந்தால் மட்டும் போதாது. திரையில் படம் காட்டுவதற்காக அறையை இருட்டாக்கிவிடுகின்றனர். இருட்டில் அவருடைய கைகள் எவருக்கும் தெரிவதில்லை. அவர்மீது ஒரு விளக்கு விழுமாறு செய்ய வேண்டும். பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்த வேண்டும்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் சிலர் குரற்பதிவாகவே வீட்டுப்பாடம் தருகின்றனர். அதை அறிந்துகொள்ள இக்குழந்தை யாரிடமேனும் கையேந்த வேண்டியுள்ளது. உதவி செய்பவர் நல்லவராகவே இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை. இரண்டு வரி எழுத்தில் தருவது எளிது. ஆசிரியர் ஒருவர் மாணவியோடு தனிப்பட்ட முறையில் காணொளியில் பேசுவதை எப்பள்ளியும் அனுமதித்தலாகாது. பேச வேண்டிய தேவை நேர்ந்தால் இன்னொரு பெரியவரும் அவ்வழைப்பில் இருத்தல் வேண்டும். விடுதிகளில் விளக்கணைத்த பின் கைபேசிகள் காப்பாளர் அறையில் இருக்கட்டும். அதே விடுதியில் மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகள் தம் வீட்டாரோடு சைகையில் பேசுவதற்கு நல்ல வெளிச்சமுள்ள ஓர் இடத்தையும் ஒதுக்கித் தருதல் வேண்டும்.

ஊராட்சி செய்யக்கூடியது

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியைத் தொடர்பு மொழியாக ஏற்றிருக்கிறது. ஆசிரியர்களை அதில் பயிற்றுவிக்கவும் கூறுகிறது. ஊராட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாகச் சேர்க்க வழி செய்யும் திருத்தம் 2025இல் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. காது கேளாத ஒருவர் அவ்வாறு உறுப்பினராகி, கூட்டத்தில் தம் சைகையாலேயே பேசுவதைக் கிராமம் காணுமாயின், பல கூட்டங்களில் பேசிப் புரியவைக்க முடியாததை அது ஒரே நாளில் புரியவைக்கும்.

எங்கள் பகுதியில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்புக் கட்டடத்தில் சனிக்கிழமை பிற்பகலில் சைகை வகுப்பு நடத்திப் பார்த்தோம். கற்பித்தவர் காது கேளாத தையற்காரப் பெண். முதல் வாரம் தாய்மார் நால்வர் வந்தனர். ஐந்தாம் வாரத்தில் அவர்களுடைய மாமியாரும் கொழுந்தியரும் சேர்ந்து பதினோரு பேராயினர். தந்தையர் எவரும் வரவில்லை. அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்க வேண்டும். செலவு, கற்பித்தவருக்கு அளித்த மதிப்பூதியமும் தேநீரும் மட்டுமே. ஆண்டுதோறும் செப்டம்பர் 23ஆம் நாளை உலகச் சைகை மொழிகள் நாளாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்துள்ளது. அதற்கு முன்னரே இத்தகைய வகுப்பு ஒன்றைத் தொடங்கிவிட்டால், அந்நாளை வெறும் பதாகையோடு கழிக்க வேண்டியதில்லை.

எந்த ஊரில் எத்தனை காது கேளாத குழந்தைகள் பயில்கின்றனர் என்ற பட்டியல் வட்டார வள மையத்தில் இருக்கும். ஊராட்சிச் செயலர் அதைப் பெற்று, தம் ஊரில் அப்பெயருக்குரிய வீடு எது எனக் கண்டறிந்து, வகுப்பு எங்கே, எத்தனை மணிக்கு என்பதை அத்தாயிடம் நேரில் சென்று சொல்லி வர வேண்டும்.